ஏசி துருப்பிடிக்கும் ஊரில் கணக்கீடு

வணக்கம் அண்ணா,

நான் உப்புவெளி. இந்த முறை ஏ.எல் பரீட்சையை வணிகப் பிரிவில் எழுதினேன். கணக்கீட்டில் ஏ வந்திருக்கிறது, எனக்குப் பிடித்த பாடமும் அதுதான். அப்பா கடற்கரைப் பக்கம் 6 அறைகளோடு ஒரு கெஸ்ட் ஹவுஸ் நடத்துகிறார். கம்பஸில் வணிக நிர்வாகத்தையே பட்டமாக எடுக்கவா, இல்லை ஆங்கிலத்தைப் பிரதான பாடமாக எடுத்து முகாமைத்துவத்தைத் துணைப் பாடமாக வைத்துக்கொள்ளவா என்று குழம்பிப்போய் இருக்கிறேன். மாமாவோ, "வியாபாரம் கடையில படிக்கிற விஷயம், அதுக்கு நாலு வருசம் கம்பஸா?" என்கிறார்.

ம., உப்புவெளி

அன்புள்ள தங்கச்சி,

மாமா சொல்வது பாதி சரி. மத்திய வீதியில் ஒரு புடவைக் கடையில் நாலு வருடம் நின்றவனுக்கு, படியேறி வருபவர் வாங்க வந்தவரா, விலை கேட்டுவிட்டுப் போக வந்தவரா என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். அதை எந்த விரிவுரையாளராலும் சொல்லித்தர முடியாது. மற்றப் பாதிக்கு உங்கள் வீட்டையே எடுப்போம். தொகைகள் நானாகப் போட்டவை, அப்பா கோபிக்க வேண்டாம்.

ஒரு ஏசி 2 இலட்சம் ரூபாய் என்று வை. 6 அறைக்கும் 12 இலட்சம். நம் ஊர் உப்புக் காற்றில் வெளியே மாட்டிய பெட்டி துருப்பிடித்து ஓட்டை விழாமல் 4 வருடம் தாங்கினால் பெரிய விஷயம். அப்படியென்றால் வருடம் 3 இலட்சம், மாதம் 25,000 ரூபாய் காற்றோடு போகிறது. இதற்கு யாரும் பில் கொண்டுவந்து நீட்டுவதில்லை. அதனால் அப்பாவின் கொப்பியில் அப்படி ஒரு வரியே இருக்காது. நாலாம் வருடம் ஏசிக்காரன் வந்து கையை விரிக்கும்போதுதான், இவ்வளவு நாளும் இலாபம் என்று செலவழித்ததில் ஒரு பங்கு ஏசியின் காசு என்று தெரியவரும்.

அப்புறம் சீசன். சித்திரையிலிருந்து புரட்டாசி வரை அறை கிடைக்காது. ஐப்பசியில் மழை பிடித்ததும் நாய்தான் வாசலில் படுத்திருக்கும். ஆனால் வங்கித் தவணை 12 மாதமும் வரும். வருடக் கணக்கில் இலாபம் நிற்கும், மார்கழியில் கையில் காசு இருக்காது. நல்லாக ஓடிக்கொண்டிருந்த இடங்கள் இந்த ஒரு காரணத்தால் கைமாறியதைப் பார்த்திருக்கிறேன். ஏசி கதைக்குப் பெயர் பெறுமானத் தேய்வு, மார்கழிக் கதைக்குப் பெயர் காசுப் பாய்ச்சல். இரண்டையும் நீ ஏ.எல்லுக்கே படித்துவிட்டாய். கடை இவற்றைச் சொல்லித்தராது என்றில்லை. சொல்லித்தரும், கடை போன பிறகு.

சரி, பிரதான பாடமா, துணைப் பாடமா? நான் முதலாம் வருடத்தில் ஹென்றி பயோலின் 14 முகாமைத்துவக் கொள்கைகளையும் வரிசை மாறாமல் பாடமாக்கினேன். பரீட்சை முடிந்த பின்னேரமே மறந்துபோனது. அவர் சுரங்கப் பொறியியலாளர், நொடிந்துபோகக் கிடந்த ஒரு சுரங்கக் கம்பெனியை எடுத்து 30 வருடம் நடத்தியவர், அந்தக் கொள்கைகளை 1916இல் வெளியிட்டபோது வயது 75 என்பதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். வாழ்நாள் முழுக்க நிலக்கரியோடு கிடந்த மனிதர் கடைசியில் எழுதியதை 20 வயதில் முதலில் படித்தால் வெறும் வாய்ப்பாடாகத்தான் இருக்கும்.

வணிக நிர்வாகத்தில் இப்படி இரண்டு வகைப் பாடம் உண்டு. கொள்கை, தலைமைத்துவம், ஊக்குவித்தல் போன்றவற்றை வீட்டில் சாய்மனைக் கதிரையில் இருந்தே வாசித்துக்கொள்ளலாம். கணக்கீடு, கிரயக் கணக்கீடு, புள்ளிவிபரவியல், நிதி முகாமைத்துவம் அப்படியில்லை. பிழைவிட்டு, திருத்து வாங்கி, மறுபடி செய்தால்தான் கைக்கு வரும். துணைப் பாடமாக எடுத்தால் பெரும்பாலும் முதல் வகையோடு நின்றுவிடும். நீயே வாசித்துக்கொள்ளக்கூடியதை வகுப்பில் போய்ப் படிப்பாய், வகுப்பு தேவைப்படுவதை விட்டுவிடுவாய்.

கணக்கீடு பிடிக்கும் என்று எழுதியிருக்காவிட்டால் இந்தப் பதில் வேறு. இலக்கத்தைக் கண்டால் எரிச்சல் வருகிற பிள்ளையிடம் ஆங்கிலத்தைப் பிடி, முகாமைத்துவத்தைத் தொட்டுக்கொள் என்றுதான் சொல்லியிருப்பேன். நீ வணிக நிர்வாகத்தையே எடு. முகாமைத்துவப் பட்டங்கள் இங்கே பெரும்பாலும் ஆங்கில மொழிமூலம்தான், ஆங்கிலம் கூடவே வரும். கோணேசபுரியில் இருக்கும் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் மொழியும் முகாமைத்துவமும் ஒரே பீடத்துக்குள் இருக்கின்றன. உனக்கு அது நிலாவெளி பஸ் ஏறினால் வந்துவிடுகிற தூரம். கம்பஸ் அனுமதியைத் தீர்மானிக்கிற இசட் புள்ளி உன்னை எங்கே அனுப்பும் என்பது வேறு கதை. பட்டத்தை வைத்துக்கொண்டு கச்சேரி (மாவட்டச் செயலகம்) வாசலில் அரசாங்க நியமனத்துக்குக் காத்திருப்பது அதைவிடப் பெரிய கதை, இன்னொரு நாள் எழுதுகிறேன்.

கம்பஸ் தொடங்க எப்படியும் மாதக்கணக்கில் ஆகும். அதுவரை சும்மா இராமல் அப்பாவிடம் கொப்பியைக் கேட்டு வாங்கு. போன மார்கழிப் பக்கத்தைத் திற. வந்த காசு, போன காசு, தவணை, அதற்குக் கீழே ஏசிக்கு ஒரு வரி. கூட்டிப் பார்த்துவிட்டு எழுது. அப்பாவிடம் காட்டுவதா இல்லையா என்பதை நீயே முடிவு செய்துகொள்.

அன்புடன்,
அண்ணா