ரே பிரைஸ் திரும்பிய இடம் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஆஸ்டினுக்கு வேலைக்கு வந்து மூன்று வருடமாகிறது. உடன் வேலை செய்யும் டெக்ஸஸ்காரர் ஒருவர் அமெரிக்கக் கிராமப்புற இசையான கன்ட்ரியின் பாடகர் ரே பிரைஸின் இரண்டு பதிவுகளைக் கேட்கச் சொன்னார். ஒன்று 1970இல் வந்த ‘ஃபார் த குட் டைம்ஸ்’. பின்னால் வயலின்கள் நிறைந்து ஒலிக்க, காதோரம் பேசுவதுபோலப் பாடுகிறார். இன்னொன்று 2007இல் வில்லி நெல்சன், மெர்ல் ஹாகர்ட் என்ற கன்ட்ரி பாடகர்கள் இருவரோடும் சேர்ந்து செய்த ‘லாஸ்ட் ஆஃப் த பிரீட்’. அதில் ஃபிடில் (கிராமியப் பாணியில் வாசிக்கும் வயலின்), கம்பிகள்மேல் உலோகத் துண்டை நகர்த்தி வாசிக்கும் ஸ்டீல் கிட்டார், ஆட்டத் தாளம். எனக்கு முதலாவதுதான் பிடித்திருந்தது. அவ்வளவு தூரம் வளர்ந்த ஒருவர் எண்பது வயதில் மறுபடி மதுக்கடைப் பாட்டுக்கு ஏன் வர வேண்டும்? புதிதாகச் செய்ய ஒன்றுமில்லாமல் பாரம்பரியத்தில் ஒதுங்கிவிட்டாரா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் கேள்வியில் ‘பாரம்பரியம்’ என்ற சொல்லில்தான் சிக்கல் இருக்கிறது. ரே பிரைஸ் திரும்பிப் போனது முன்னோர் விட்டுச்சென்ற வீட்டுக்கு அல்ல. முப்பது வயதில் தானே கட்டிய வீட்டுக்கு.

நீங்கள் மதுக்கடைப் பாட்டு என்று சொல்வதற்கு ஹாங்கி டாங்க் என்று பெயர். அது முதலில் இடத்தின் பெயர். 1933இல் அமெரிக்காவில் மதுவிலக்கு நீங்கியபின் டெக்ஸஸ் எண்ணெய் வயல்களைச் சுற்றி மதுக்கடைகளும் ஆட்டக் கூடங்களும் பெருகின. வாரக் கூலி வாங்கியவர்கள் கூடிக் குடித்து ஆடும் இடத்தில் என்ன சத்தம் இருக்கும்! அந்தச் சத்தத்தை மீறிக் கேட்கத்தான் கிட்டாருக்கு மின்சாரம் வந்தது, தாளம் கனமானது. பாட்டின் பொருளும் மாறியது. ஊரும் கோயிலும் அம்மாவும் பின்னால் போய், குடி, கள்ளக்காதல், மணமுறிவு என்று வந்தது. கிராமத்தை விட்டுக் கூலிக்கு வந்த மனிதர்களின் பாட்டு அது.

பிரைஸ் 1926இல் டெக்ஸஸின் பெரிவில் என்ற சிற்றூரில் பிறந்தவர். கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில்லுக்குப் போன புதிதில், புகழ்பெற்ற பாடகர் ஹாங்க் வில்லியம்ஸோடு ஒரே வீட்டில் தங்கியிருந்தார். 1953ஆம் ஆண்டின் முதல் நாளில் ஹாங்க் இறந்தார். அவருடைய வாத்தியக் குழுவை வைத்துக்கொண்டு பிரைஸ் கொஞ்ச காலம் பாடினார். அப்படியே ஹாங்க் மாதிரி இருக்கிறது என்று ஒரு ரசிகர் பாராட்டியிருக்கிறார். அந்தப் பாராட்டு அவரைச் சுட்டது. குழுவை விட்டுவிட்டு ‘செரோக்கி கௌபாய்ஸ்’ என்று சொந்தக் குழு அமைத்தார். இறந்துபோன நண்பனின் நிழலில் வாழ்நாள் முழுக்கச் சௌகரியமாகப் பிழைத்திருக்கலாம். பலர் அப்படிப் பிழைத்தார்கள்.

அப்புறம் 1956இல் ‘கிரேஸி ஆர்ம்ஸ்’. எல்விஸ் பிரெஸ்லி நாட்டையே உலுக்கிக்கொண்டிருந்த அதே வருடம், பில்போர்ட் இசை இதழின் கன்ட்ரி பட்டியலில் இந்தப் பாட்டு 20 வாரம் முதலிடத்தில் நின்றது. எழுதியவர்களில் ஒருவர் ரால்ஃப் மூனி, ஸ்டீல் கிட்டார் கலைஞர். அவருடைய குடியைத் தாங்க முடியாமல் மனைவி பிரிந்துபோனபோது பிறந்த பாட்டு.

இதை ஒருமுறை, அடியில் கனமாக ஒலிக்கும் கம்பி வாத்தியமான பேஸை மட்டும் கவனித்துக் கேளுங்கள். அதுவரை கன்ட்ரி பாட்டில் பேஸ் பெரும்பாலும் ஒரு சுற்றுக்கு இரண்டு தட்டுதான். பிரைஸ் நான்கு கேட்டார். பேஸ் ஒவ்வொரு தட்டிலும் ஓர் அடி எடுத்துவைத்து நடக்கிறது. மேலே ஒற்றை ஃபிடில் இழுக்கிறது, ஸ்டீல் கிட்டார் பதில் சொல்கிறது. இதற்கு ‘ரே பிரைஸ் ஷஃபிள்’ என்றே பெயர் வந்துவிட்டது. இன்றுவரை டெக்ஸஸ் ஆட்டக் கூடங்களில் இசைக் குழுக்களுக்கு அந்தப் பெயர் சொன்னால் போதும், வாசிக்கத் தொடங்கிவிடுவார்கள்.

இதில் என்னை விடாமல் பிடித்துவைத்திருப்பது ஒன்று உண்டு. சொற்களில் ஒருவன் உடைந்துபோயிருக்கிறான். கால்களுக்குக் கீழே தாளம் ஆடச் சொல்கிறது. ஆடுகிறவர்களும் ஆடுகிறார்கள், தங்கள் கதையையே கேட்டுக்கொண்டு, இன்னொருவர் தோளில் கைவைத்துக்கொண்டு. வயலின்கள் நிறைந்த பாட்டில் துக்கம் நாற்காலியில் உட்கார்ந்துவிடுகிறது. ஷஃபிளில் அதற்கு உட்கார இடமில்லை, நடந்துகொண்டே இருக்க வேண்டும். எனக்குத் துக்கம் வந்த நாட்களில் நான் தேடியது இந்த நடக்கிற பாட்டைத்தான்.

பிரைஸின் செரோக்கி கௌபாய்ஸ் குழு ஒரு பள்ளிக்கூடம். பின்னாளில் பெயர்பெற்ற பாடகர்கள் ரோஜர் மில்லர், ஜானி பேசெக் வந்துபோனார்கள். வில்லி நெல்சன் அதில் பேஸ் வாசித்தார். 1963இல் பிரைஸ் பதிவு செய்த ‘நைட் லைஃப்’ வில்லியின் பாட்டு. அதன் தொடக்கத்தில் பட்டி எம்மன்ஸ் வாசிக்கும் ஸ்டீல் கிட்டாருக்காகவே அதைத் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறேன்.

1967இல் ‘டேனி பாய்’ பாட்டை இசைக்குழுவின் வயலின்களோடு பாடினார். பழைய ரசிகர்கள் துரோகம் என்றார்கள். ஆனால் அந்தக் குரல் அதற்குள் அவ்வளவு விரிந்திருந்தது, அது வேறு இடம் கேட்டது. உங்களுக்குப் பிடித்த ‘ஃபார் த குட் டைம்ஸ்’, கிறிஸ் கிறிஸ்டோஃபர்சன் எழுதிய பாட்டு, பிரைஸுக்கு முதல் கிராமி விருதை வாங்கித் தந்தது. அதை நான் ஒரு படி குறைத்துச் சொல்லவே மாட்டேன்.

சரி, ஏன் திரும்பினார்? ஆட்கள் கூப்பிட்டார்கள் என்பதுதான் எளிய பதில். வில்லிக்கும் அவருக்கும் நடுவில் ஒரு மனத்தாங்கல் இருந்தது. பிரைஸின் சண்டைச் சேவல் வில்லியின் பண்ணைக் கோழிகளைக் கொன்றுவிட, வில்லி அதைச் சுட்டுவிட்டார். வில்லியே சொன்ன கதை இது. 1980இல், பழைய முதலாளியைவிடப் பல மடங்கு பெயர் பெற்றுவிட்ட வில்லி அவரை அழைத்து ‘சான் அன்டோனியோ ரோஸ்’ ஆல்பத்தைச் சேர்ந்து பாடினார். 2003இல் இன்னொன்று. நீங்கள் கேட்ட 2007 பதிவில் பிரைஸுக்கு 81, வில்லிக்கு 73, ஹாகர்டுக்கு 69. மூவரில் மூத்தவரின் குரல்தான் வழுவழுப்பாக, அசையாமல் நிற்கிறது. மறுபடி கேட்டுப் பாருங்கள். இந்தக் குரலை அந்த வயலின் வருடங்கள்தான் பழக்கியிருக்கின்றன. மூச்சை எங்கே நிறுத்துவது, ஒரு சொல்லை எவ்வளவு தாமதமாக விடுவது என்பதை அங்கே கற்றுக்கொண்டு வந்து ஷஃபிளின் மேல் வைக்கிறார். 1956இன் பிரைஸால் இப்படிப் பாடியிருக்க முடியாது. ஒதுங்கிய மனிதரின் பாட்டா இது?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவர் எதையும் விட்டு மனம் திருந்தி வரவில்லை. 2013 டிசம்பரில் கணையப் புற்றுநோயால் இறந்தார். நோயோடு அவர் பாடி முடித்து, இறப்புக்குப்பின் 2014இல் வெளிவந்த கடைசி ஆல்பத்தில் மறுபடியும் வயலின்கள். இரண்டு வீடுகளும் அவருடையவை.

நீங்கள் ஆஸ்டினில் இருப்பது எனக்குப் பொறாமையாக இருக்கிறது. தெற்கு லமார் சாலையில் ‘புரோக்கன் ஸ்போக்’ என்று ஓர் ஆட்டக் கூடம் இருக்கிறது. 1964இல் தொடங்கியது, தாழ்ந்த கூரை. ஒரு சனிக்கிழமை இரவு உங்கள் டெக்ஸஸ் நண்பரோடு போங்கள். ஆட வேண்டாம், சுவரோரம் நில்லுங்கள். கடிகார முள்ளுக்கு எதிர்ப்புறமாக ஜோடி ஜோடியாகச் சுற்றி வருவார்கள். ஷஃபிள் தொடங்கியதும் வயதானவர்களின் கால்களைப் பாருங்கள். பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்