முழுத் தகவலும் கையில் இல்லாதபோது ஒரு நிறுவனத் தலைவர் எப்படி முடிவெடுக்கிறார்? அதைப் பழகிக்கொள்ள முடியுமா?

முடியும் என்றுதான் சொல்வேன். புதிதாக மேலாளர் பொறுப்பு ஏற்றிருப்பதாகக் கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். அந்த நிலையில் நானும் இருந்திருக்கிறேன். திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் 11 ஆண்டுகள் மெர்ச்சண்டைசராக, அதாவது வெளிநாட்டுப் பையர்களிடம் (சரக்கு வாங்குபவர்களிடம்) பேசி ஆர்டரை முடித்துக் கொடுப்பவராக இருந்துவிட்டு, இப்போது சொந்தமாக ஒரு சிறிய யூனிட் நடத்துகிறேன். முடிவெடுப்பதைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்தக் கம்பெனி முதலாளியைப் பக்கத்தில் இருந்து பார்த்துத் தெரிந்துகொண்டது. நாங்கள் எல்லாரும் அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவோம்.

ஒரு நாள் நடந்ததைச் சொல்கிறேன். 2008-ஆம் ஆண்டு. ஜெர்மனி பையருக்குக் குழந்தைகள் டி-சர்ட், 9,000 பீஸ். உடம்பு கருநீலம், கழுத்திலும் கையிலும் வெள்ளை பைப்பிங், அதாவது ஓரத்தில் வைத்துத் தைக்கும் மெல்லிய பட்டை. ஷிப்மென்டுக்கு 12 நாள்தான் இருந்தது. சாயப்பட்டறையிலிருந்து ஒன்றரை டன் துணி வந்து இறங்கி, கட்டிங் மாஸ்டர் டேபிளில் விரிக்க ஆரம்பித்துவிட்டார். அப்போது செக்கிங்கில் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகாத ஒரு பெண், துணியை ஈரக் கைக்குட்டையால் தேய்த்துவிட்டு, நீலமாகிப்போன கைக்குட்டையைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தாள். "இருண்ட ஷேடு என்றால் சாயம் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும், சாயச் சோதனை ரிப்போர்ட் பாஸ் ஆகியிருக்கிறது" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவள் நேராக அண்ணாவிடம் போய்விட்டாள்.

அண்ணா இறங்கி வந்தார். ரிப்போர்ட்டைக் கேட்கவில்லை. விரித்த துணியில் ஒரு சாண் வெட்டி வாங்கி, வெள்ளை பைப்பிங் வைத்துத் தைக்கச் சொன்னார். ஒரு வாளியில் வெந்நீரும் சோப்புத்தூளும் போட்டு, அதை அமுக்கி வைத்துவிட்டு, பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். முக்கால் மணி நேரம் கழித்து எடுத்தால், வெள்ளை பைப்பிங் வெளிர்நீலமாகியிருந்தது.

அதன்பிறகு ஐந்து பேரை அறைக்குள் கூப்பிட்டார். நான் இன்றுவரை மறக்காதது அங்கே பேசிய வரிசையைத்தான். "சொல்லு அம்மணி, நீ என்ன நினைக்கிறாய்?" என்று முதலில் அந்தச் செக்கிங் பெண்ணைக் கேட்டார். அடுத்து கட்டிங் மாஸ்டர். பிறகு அக்கவுண்டன்ட், புரொடக்‌ஷன் மேனேஜர், நான். கடைசியாகத்தான் அவர் வாயைத் திறந்தார். முதலாளி முதலில் பேசியிருந்தால் நாங்கள் ஐந்து பேரும் அவர் சொன்னதையே வேறு வார்த்தையில் சொல்லியிருப்போம். நான் நிச்சயம் அப்படித்தான் செய்திருப்பேன்.

நாங்கள் எல்லாரும் "ஷிப்மென்டைப் பிடிக்க முடியுமா, முடியாதா" என்பதையே சுற்றிச்சுற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். அவர் கேள்வியையே மாற்றினார். "வெட்டாத வரைக்கும் இது துணி. திருப்பி அனுப்பலாம், மறுபடி சோப்பிங் போடலாம், கருப்பு ஏற்றி வேறு ஆர்டருக்குக்கூட வைத்துக்கொள்ளலாம். கத்தி இறங்கிவிட்டால் பையர் எடுத்தால் உண்டு, இல்லாவிட்டால் கிலோக் கணக்கில் விற்க வேண்டியதுதான். இன்றைக்குக் கத்தியை இறக்கலாமா என்பதை மட்டும் பேசுவோம்." அவ்வளவுதான், பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. துணி மறு சோப்பிங்குக்குப் போனது. பருத்திக்கு ஏற்றும் ரியாக்டிவ் சாயத்தில் நூலோடு பிணையாமல் மேலோடு நிற்கும் சாயத்தைச் சூடான சோப்புநீரில் கழுவி எடுத்துவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். துணி சரியாகி வந்த பிறகு பையரிடம் சொல்லிக்கொள்ளலாம் என்றேன். அன்று மாலையே எழுதச் சொன்னார். பையர் நான்கு நாள் தந்தார், அதுவும் போதவில்லை. 3,000 பீஸ் விமானத்தில் போனது. கையிலிருந்து ஐம்பதாயிரத்துச் சொச்சம் போயிற்று. அந்தச் செலவை அவர் யார் தலையிலும் கட்டவில்லை, என் தலையில்கூட.

உங்களுக்கு நான் சொல்ல நினைப்பது இதுதான்: எந்த முடிவிலும் கத்தி இறங்கும் இடம் எது என்று முதலில் கண்டுபிடியுங்கள். அதற்கு முந்தைய படிகளில் வேகமாகப் போகலாம், தவறினால் திரும்பி வரலாம். அந்த ஒரு படியில் மட்டும் நின்று, வாளியில் துணியை அமுக்கிப் பார்க்க வேண்டும். பல மேலாளர்கள் இதைத் தலைகீழாகச் செய்வதைப் பார்த்திருக்கிறேன். ஸ்டிக்கர் நிறத்துக்கு மூன்று மீட்டிங் போடுவார்கள். ஐந்து வருடக் கடன் பத்திரத்தில் நின்றபடியே கையெழுத்துப் போடுவார்கள்.

அண்ணாவிடம் ஒரு நோட்டு இருந்தது. பெரிய முடிவு எடுக்கும் நாளில் தேதி போட்டு, தெரிந்தது என்ன, தெரியாதது என்ன, ஏன் இப்படி முடிவெடுக்கிறோம் என்று நாலு வரி எழுதிவைப்பார். பலன் தெரிந்த பிறகு அதே பக்கத்தைத் திறந்து படிப்பார். நல்லபடியாக முடிந்தது அதிர்ஷ்டத்தால் முடிந்ததா என்பது அப்போதுதான் தெரியும் என்பார்.

2011-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பருத்தி விலை கண்மண் தெரியாமல் ஏறிக்கொண்டிருந்தது. மார்ச் மாதம் நியூயார்க் வாயிதாச் சந்தையில் (பின்னால் கைமாறும் சரக்குக்கு இன்றே விலை பேசும் சந்தை) ராத்தலுக்கு, அதாவது ஒரு பவுண்டு எடைக்கு, 2 டாலரையும் தாண்டியது. ஊரில் பலரும் கடன் வாங்கி நூல் வாங்கி அடுக்கினார்கள். நாமும் வாங்க வேண்டும் என்று நானும் வாதாடினேன். கையில் உறுதியான ஆர்டருக்கு வேண்டியதைத் தவிர ஒரு பை நூல்கூட அவர் கூடுதலாக வாங்கவில்லை. அன்றைய பக்கத்தில் இப்படி எழுதியிருந்தார்: "ஏறினால் லாபம் குறையும், கம்பெனி இருக்கும். இறங்கினால் சரக்கும் கடனும் நம்மிடம் நிற்கும், கம்பெனி இருக்குமா தெரியாது." ஏறுமா இறங்குமா என்று அவருக்கும் தெரியாது. இரண்டு பக்கத்துத் தவறுகளில் எதைத் தாங்க முடியும் என்று மட்டும் பார்த்தார். இரண்டு மாதம் அவர் செய்தது முட்டாள்தனம் போலவே தெரிந்தது, விலை ஏறிக்கொண்டே இருந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் பருத்தி ஒரு டாலருக்கும் கீழே வந்துவிட்டது.

ஆனால் அதே நோட்டில் அவரை உலுக்கிய பக்கமும் ஒன்று உண்டு. எனக்கு இதுதான் முக்கியமானதாகப் படுகிறது. பனியன் துணிக்குச் சாயம் ஏற்ற உப்பு ஏராளமாக வேண்டும். அந்த உப்பும் சாயமும் கழிவுநீரோடு நொய்யல் ஆற்றுக்குப் போயின. பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் அது தேங்கியது. அந்தத் தண்ணீரைத் திறந்தால் நிலம் கெட்டுவிடும் என்று விவசாயிகளே வேண்டாம் என்று சொல்லும் நிலை வந்தது. நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகளின் சங்கம் நீதிமன்றம் போனது. கழிவை வெளியே விடவே கூடாது என்று 2006-இல் சென்னை உயர் நீதிமன்றமும், மூன்று மாத அவகாசம் கொடுத்து 2009-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டன. எல்லாருக்கும் தெரிந்த செய்திதான் இது. அந்த 2009 பக்கத்தில் அண்ணா எழுதியிருந்தது: "எப்போதும்போல அவகாசம் கிடைக்கும். இப்போதைக்கு மாற்று ஏற்பாடு தேவையில்லை."

2011 ஜனவரி 28 அன்று திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் அனைத்தையும் மூட உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. நூறு நூறாகப் பட்டறைகள் ஒரே சமயத்தில் நின்றன. துணியை லாரியில் ஏற்றி வெளிமாநிலத்துக்கு அனுப்பிச் சாயம் ஏற்றி வர வேண்டியதாயிற்று. எங்களுக்கு இரண்டு பையர்கள் போனார்கள். தினக்கூலிக்கு வந்தவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்குக் கிளம்பினார்கள்.

அடுத்த வாரம் அண்ணா எங்களை எல்லாம் உட்காரவைத்து அந்தப் பக்கத்தை வாய்விட்டுப் படித்தார். "இதுவரை நடக்கவில்லை என்பதற்காக இனியும் நடக்காது என்று எழுதியிருக்கிறேன். தவறு என்னுடையது" என்றார். ஒரு முதலாளி ஊழியர்கள் முன்னால் அப்படிச் சொல்லி அதற்கு முன் நான் பார்த்ததில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை என்னையும் புரொடக்‌ஷன் மேனேஜரையும் காரில் ஏற்றிக்கொண்டு ஒரத்துப்பாளையம் போனார். அணைக்குக் கீழே தென்னந்தோப்பு வைத்திருந்த ஒரு பெரியவர், தன் கிணற்றுத் தண்ணீரை ஒரு சொம்பில் மொண்டு கொடுத்தார். ஒரு வாய் வைத்ததும் கரித்தது. கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. திரும்பி வரும் வழியில் அண்ணா சொன்னார்: "தம்பி, பதினைந்து வருடமாக நம் அறையில் எத்தனையோ பேரைக் கேட்டிருக்கிறேன். இவரை ஒரு தடவைகூடக் கேட்கவில்லை." அந்த ஐந்து பேர் கூட்டத்தை எண்ணி நான் அதுவரை பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

அன்றிலிருந்து அந்த நோட்டில் புதிதாக ஒரு தலைப்பு சேர்ந்தது: யாரைக் கேட்கவில்லை.

இப்போது என்னிடமும் அதே மாதிரி ஒரு நோட்டு இருக்கிறது. துணி விரித்து வெட்ட ஒரு தானியங்கி இயந்திரம் வாங்குவதா என்று இந்த வாரம் யோசித்துக்கொண்டிருக்கிறேன். வங்கிக் கடன் தயார். விற்பவர் வெள்ளிக்கிழமைக்குள் முன்பணம் கேட்கிறார். தெரிந்தது, தெரியாதது இரண்டையும் எழுதி முடித்துவிட்டேன். ‘யாரைக் கேட்கவில்லை’ என்ற தலைப்பின்கீழ், என் டேபிளில் வெட்டிக்கொண்டிருக்கும் இரண்டு பேரின் பெயரை எழுதிவைத்திருக்கிறேன். நாளை காலை டீ நேரத்தில் அவர்களோடு உட்காரப் போகிறேன்.