அறிவியலில் இரண்டா, மூன்றா?

கேள்வி: இங்கிலாந்தில் ஒன்பதாம் ஆண்டு படிக்கும் மகளுக்கு ஜிசிஎஸ்இ (பதினாறு வயதில் எழுதும் பள்ளித் தேர்வு) பாடங்களைத் தேர்ந்தெடுக்கும் படிவம் வந்திருக்கிறது. அறிவியலில் எத்தனை சான்றிதழ் வாங்கலாம்? இரண்டோடு நின்றால் ஏ லெவல் (அதற்குப் பிந்தைய மேல்நிலைப் படிப்பு) வாய்ப்பு போய்விடுமா?

பதில்: போகாது. ஒருங்கிணைந்த அறிவியல் எடுத்தாலும் உயிரியல், வேதியியல், இயற்பியல் மூன்றையும் படிப்பார். கிடைப்பது இரண்டு ஜிசிஎஸ்இ. மூன்றையும் தனித்தனிப் பாடமாக எடுத்தால் மூன்று. கணினி அறிவியல் இன்னொரு தனிப்பாடம். மூன்றோடு அதையும் சேர்த்தால் நான்கு.

ஏக்யூஏ என்ற தேர்வு வாரியத்தில், ஒருங்கிணைந்த அறிவியலின் 'ட்ரிலஜி' பாடத்திட்டத்திலும் தனிப்பாட வழியிலும் ஆறு தாள்கள்தான். ஒருங்கிணைந்ததில் தாளுக்கு 1 மணி 15 நிமிடம், 70 மதிப்பெண். தனிப்பாடத்தில் 1 மணி 45 நிமிடம், 100 மதிப்பெண்.

பலர் தடுமாறுவது தரத்தில் (9 உச்சம், 1 கடைசி). ஒருங்கிணைந்த அறிவியலில் '7-6' என்றால் உயிரியலில் 7, வேதியியலில் 6 என்று பொருளல்ல. ஆறு தாள்களின் மொத்தத்துக்கும் சேர்த்துத் தரும் இரட்டைத் தரம் அது. ஆகவே இயற்பியலில் சறுக்கினால் அந்த இரட்டைத் தரமே இறங்கலாம். கடினமான உயர்நிலைத் தாளா, எளிய அடிப்படைநிலைத் தாளா என்ற முடிவும் ஆறு தாளுக்கும் ஒன்றே. தனிப்பாடத்தில் பாடத்துக்குப் பாடம் மாற்றலாம்.

ஏ லெவலுக்குப் பல பள்ளிகள் ஒருங்கிணைந்த அறிவியலையும் ஏற்கின்றன. கேட்கும் தரத்தை முன்பே விசாரியுங்கள். மூன்றாவதற்காகக் கணிதத்துக்கான நேரத்தைப் பறிக்காதீர்கள்.