மலையில் ஸ்டீம் பன்: காசு கொடுக்கும் முன் அடுப்பைப் பாருங்கள்

கேள்வி: சென்ற முறை ஊட்டி போனபோது இரண்டு கடைகளில் ஸ்டீம் பன் (உள்ளே பூரணம் வைத்து ஆவியில் வேகவைத்த பன்) சாப்பிட்டோம். ஒன்றில் பஞ்சு போல இருந்தது. இன்னொன்றில் அடிப்பக்கம் பிசுபிசுவென்று ஒட்டியது, நடுவில் பச்சை மாவு வாடை. இம்முறை கொடைக்கானல் போகிறோம். நல்ல கடையை முன்கூட்டியே கண்டுகொள்வது எப்படி? அம்மா சைவம், சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டும் உண்டு. ஆறு வயது மகனும் வருகிறான். என்ன வாங்கிக் கொடுக்கலாம்? (ஈரோடு வாசகி)

பதில்: விலைப்பட்டியலை அப்புறம் படிக்கலாம், முதலில் அடுப்பைப் பாருங்கள். ஸ்டீமரில் என்ன இருக்கிறது, எவ்வளவு நேரமாக இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் பன் எப்படி வரும் என்பதைப் பெரும்பாலும் சொல்லிவிடலாம். மலையில் இதை அவசியம் பார்க்க வேண்டும். காரணம், அங்கே ஆவிக்குச் சூடு குறைவு.

கடல் மட்டத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கிறது. உயரம் 300 மீட்டர் கூடக் கூட ஏறத்தாழ ஒரு டிகிரி இறங்கும். ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொடைக்கானலிலும் கிட்டத்தட்ட அதே கணக்குதான், குன்னூரில் 94. பன் ஸ்டீமர் குக்கரைப் போல அழுத்தம் பிடிக்காது. எவ்வளவு தீ வைத்தாலும் தண்ணீர் சீக்கிரம் வற்றுமே தவிர ஆவியின் சூடு ஏறாது. ஆகவே கூடுதல் நேரம் விடுவது ஒன்றே வழி. 50 கிராம் மாவும் 30 கிராம் பூரணமும் உள்ள பன் ஈரோட்டில் 12 நிமிடத்தில் வெந்தால், மேலே 15, 16 நிமிடம் பிடிக்கும். மோமோவுக்குத் தோல் மெல்லிசு, மாவும் புளிக்க வைக்காதது. கீழே 8 முதல் 10 நிமிடம், மலையில் 11 முதல் 13. ஃப்ரீசரிலிருந்து எடுத்த பன்னை நேராக ஏற்றினால் 20 நிமிடத்துக்குக் குறையக் கூடாது.

உங்களுக்கு அடித்த மாவு வாடை இந்த நேரக் குறைவால் வந்ததுதான். வெளித்தோல் வெந்து பளபளவென்று இருக்கும். பூரணத்தை ஒட்டிய உள்வளையம் மட்டும் வேகாமல் களியாக நிற்கும். பூரணம் ஃப்ரீசர் குளிரோடு உள்ளே போயிருந்தால் இது இன்னும் மோசம். சீசன் கூட்டத்தில் தட்டை அவசரமாக இறக்கும் கடைகளில் அடிக்கடி நடப்பது இது.

ஆகவே கவுண்டரில் கேட்க வேண்டிய முதல் கேள்வி: “இப்ப ஏத்துறீங்களா, ஏற்கெனவே வெந்ததா?” இப்போது ஏற்றுவதாகச் சொல்லிவிட்டு ஐந்து நிமிடத்தில் தட்டை நீட்டினால் வாங்காதீர்கள். ஏற்கெனவே வெந்தது என்றாலும் பயமில்லை, கடையில் ஓட்டம் இருந்தால் போதும். அடுக்குகள் காலியாகிக் காலியாகி மறுபடி ஏறுகின்றனவா என்று இரண்டு நிமிடம் நின்று கவனியுங்கள். கூட்டமே இல்லாத மூன்று மணிக்கு ஐந்து அடுக்கும் நிறைந்து ஆவி விட்டுக்கொண்டிருந்தால், அவை மதியத்திலிருந்தே அங்கே இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளலாம்.

அப்படி மணிக்கணக்கில் ஆவியிலேயே கிடந்த பன்தான் அடியில் பிசுபிசுக்கும். கீழிருந்து வரும் ஈரத்தை அடிப்பாகம் விடாமல் குடித்துக்கொண்டே இருக்கும். மூங்கில் ஸ்டீமர் ஈரத்தைக் கொஞ்சம் தானே உறிஞ்சிக்கொள்ளும். அலுமினிய ஸ்டீமரில் ஆவி மூடியில் குளிர்ந்து, சொட்டாகப் பன் மேலேயே விழும். வெள்ளைத் தோலில் அங்கங்கே கண்ணாடி போல ஈரத் திட்டு தெரிந்தால் அது மூடிச் சொட்டு. விவரமான கடைக்காரர் மூடிக்கு அடியில் ஒரு துணியைக் கட்டியிருப்பார்; ஒவ்வொரு பன்னுக்கும் அடியில் தாளோ முட்டைக்கோஸ் இலையோ வைத்திருப்பார். அந்தத் துணி வெளுப்பாக இருக்கிறதா, பழுப்பேறிக் கிடக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். சமையலறைச் சுத்தத்துக்கு அதுவே சாட்சி.

பன்னின் முகத்தில் இன்னும் சில குறிகள் உண்டு. மேல்தோல் சுருங்கி அமுங்கியிருந்தால் மாவு அளவுக்கு மீறிப் புளித்திருக்கிறது, அல்லது வெந்து முடியுமுன் மூடியைத் திறந்திருக்கிறார்கள். மலையில் காற்றழுத்தம் குறைவு என்பதால் மாவுக்குள் இருக்கும் வாயு அதிகம் விரியும். ஆனால் குளிரில் ஈஸ்ட் மந்தமாகத்தான் வேலை செய்யும். டிசம்பர் காலையில் இரண்டு மூன்று மணி நேரம் பொறுக்க வேண்டிய மாவை அவசரப்பட்டு அடுப்புக்குப் பக்கத்தில் வைப்பார்கள். ஒரு பக்கம் பொங்கி வழியும், மறுபக்கம் கல்லாக நிற்கும். மஞ்சள் புள்ளிகள் இருந்தால் பேக்கிங் பவுடரோ சோடாவோ சரியாகக் கலக்கவில்லை என்று பொருள். அந்த இடத்தில் சோப்புக் கசப்பு தெரியும்.

தட்டு வந்ததும் ஒன்றை மட்டும் நடுவில் பிய்த்துப் பாருங்கள். நன்றாக வெந்த பன் நார் நாராகப் பிரியும். பூரணத்தை ஒட்டியிருக்கும் மாவும் வெள்ளையாக, விரலில் ஒட்டாமல் இருக்கும். சாம்பல் நிறத்தில் மினுங்கினால் “இன்னும் அஞ்சு நிமிஷம் வைங்க” என்று தயங்காமல் திருப்பிக் கொடுங்கள். சிக்கன் பூரணம் நடுவில் 74 டிகிரி தொட்டாக வேண்டும். வீட்டில் தெர்மாமீட்டர் விட்டு அளப்பது போல இங்கே அளக்க முடியாது என்பதால், சாறு ரோஸ் நிறமாகவோ கறி வழவழப்பாகவோ இருந்தால் அந்தத் தட்டையே ஒதுக்கிவிடுங்கள். ஆவி அதைவிட 18 டிகிரி அதிகமாகவே இருப்பதால், நேரம் கொடுத்தால் மலையிலும் கறி தாராளமாக வேகும்.

காய்ப் பூரணத்தில் தவறுவது வேறு இடத்தில். நீலகிரியிலும் கொடைக்கானல் மேல்மலையிலும் கோஸ், கேரட், பீன்ஸ் தோட்டத்திலிருந்தே புதிதாக வரும். அவ்வளவும் தண்ணீர்ச் சத்து. நறுக்கிய கோஸில் உப்புப் போட்டுப் பத்து நிமிடம் வைத்து, கைப்பிடியாக எடுத்து இறுக்கிப் பிழிய வேண்டும். பிழியாமல் வைத்தால் ஆவியில் தண்ணீர் விட்டு உள்மாவைக் கூழாக்கிவிடும். வெந்த பிறகும் நறுக்கென்று கடிபடும் கோஸ் என்றால், வேலை தெரிந்தவர் செய்தது.

அம்மாவுக்கு வருவோம். சைவம் என்று எழுதியிருப்பதை மட்டும் நம்பாமல் மூன்று விஷயம் கேளுங்கள். காளான் பூரணத்தில் ஆய்ஸ்டர் சாஸ் ஊற்றுகிறார்களா? அது சிப்பிச் சாற்றில் செய்வது. மாவில் சேர்ப்பது எண்ணெயா, பன்றிக் கொழுப்பா? சீன முறையில் கொழுப்புச் சேர்ப்பது வழக்கம். மூன்றாவது, அடுக்கு. ஒரே ஸ்டீமரில் சைவமும் அசைவமும் வேகும்போது மேலடுக்கின் சாறு கீழடுக்கில் சொட்டும். காய்ப் பன் கறிப் பன்னுக்குக் கீழே இருந்தால் அது சைவம் ஆகாது. தனி ஸ்டீமர் இருக்கும் கடையே அம்மாவுக்கு நல்லது.

சர்க்கரைக்கு: 50 கிராம் பிசைந்த மாவில் செய்த ஒரு பன்னில் மைதாவும் அதில் சேர்த்த சர்க்கரையுமாக ஏறத்தாழ 25 கிராம் மாவுச்சத்து இருக்கும். இரண்டரை இட்லிக்குச் சமம். ஒரு பன், கூடவே முட்டைக்கோஸோ கீரையோ போட்ட சூப் என்று நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள். ரத்த அழுத்தத்துக்குப் பன்னைவிடச் சாஸ்தான் எதிரி. ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸில் இரண்டு கிராமுக்கு மேல் உப்பு. ஒரு நாளைக்கே ஐந்து கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். சாஸை மேலே ஊற்ற விடாமல் கிண்ணத்தில் தனியாக வாங்கித் தொட்டுக்கொள்ளட்டும். திபெத்திய உணவகம் கிடைத்தால் ‘டிங்மோ’ கேளுங்கள். பூரணம் இல்லாமல் மடிப்பு மடிப்பாகச் சுருட்டி வேகவைத்த பன் அது. உள்ளே வேகாமல் நிற்கும் வாய்ப்புக் குறைவு, காய்க் குழம்போடு சாப்பிட இதம். என் முதல் சிபாரிசு அதுதான்.

மகனுக்குக் கொடுக்குமுன் பன்னை இரண்டாகப் பிய்த்து இரண்டு மூன்று நிமிடம் ஆற விடுங்கள். மலைக்குளிரில் தோல் உடனே ஆறிவிடும், பூரணம் ஆறாது. தொட்டுப் பார்த்துச் சூடில்லை என்று கொடுத்தால் நாக்கு வெந்துவிடும். அடியில் ஒட்டிய தாளையும் எடுத்துவிடுங்கள். மயோனைஸ் வைத்தால் முட்டையில்லாததா என்று கேளுங்கள். பச்சை முட்டை மயோனைஸுக்கு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுத் தடை விதித்தது தமிழக அரசு. சால்மோனெல்லா கிருமி அபாயம்தான் காரணம். தடைக் காலம் எப்படி இருந்தாலும் குழந்தைக்குப் பச்சை முட்டை வேண்டாம். சிவப்பு மிளகாய்ச் சட்னி மலைப்பூண்டில் அரைத்ததாக இருந்தால் பெரியவர்கள் விடாதீர்கள், அதன் வாசமே தனி.

பார்சல் வாங்குவதானால் ஒரு எவர்சில்வர் டப்பா கொண்டு போங்கள். இரண்டு மலையிலும் பிளாஸ்டிக் கட்டுப்பாடு கடுமை. தாள் பையில் போட்டால் பன் பத்து நிமிடத்தில் விறைத்துவிடும். டப்பாவில் துணி விரித்து அடுக்கி, மூடியைச் சற்றே திறந்து வையுங்கள். வெளியே குளிர்தானே என்று இரவு முழுக்க வைத்திருக்க வேண்டாம். கறி உள்ளது இரண்டு மணி நேரத்துக்குள் தீர வேண்டும். ஆறி இறுகிய பன்னை விடுதிச் சமையலறையின் இட்லிப் பானையில் ஐந்தாறு நிமிடம் ஆவி காட்டினால் பழைய மென்மை வந்துவிடும். மைக்ரோவேவ் மட்டும் இருந்தால் ஈரத் துணியில் சுற்றி அரை நிமிடம் வைத்து, எடுத்த உடனே சாப்பிடுங்கள். ஆற விட்டால் ரப்பராகிவிடும்.