காரைக்குடிப் பக்கம் கால்பந்து ஆடும் 15 வயதுப் பையன் தொழில்முறை ஸ்ட்ரைக்கர் (கோல் அடிக்கும் முன்வரிசை ஆட்டக்காரர்) ஆக எதைப் பழக வேண்டும்?

ஓங்கி அடிப்பதை அல்ல. பெரும்பாலான கோல்கள் கோலுக்கு முன்னுள்ள பெனால்டி பாக்ஸுக்குள்ளிருந்துதான் விழுகின்றன. அங்கே பந்தை நிறுத்தி நிமிர்ந்து பார்க்க நேரம் கிடைக்காது. பக்கவாட்டிலிருந்து வரும் பந்தை முதல் தொடுதலிலேயே தூரத்துக் கோல் கம்பத்தை ஒட்டித் தரையோடு அடித்துப் பழகட்டும், இரண்டு காலிலும். பாஸ் கொடுப்பவர் கால் பந்தில் படும்வரை எதிரணியின் கடைசி டிஃபெண்டரைத் (தடுப்பாட்டக்காரரை) தாண்டக் கூடாது. அரை விநாடி முந்தினாலும் ஆஃப்சைடு கொடி ஏறிவிடும்.

நம்ம செம்மண் தரை கோடையில் இறுகிப்போகும். பூட்ஸின் அடியில் உள்ள நீள ஸ்டட் (குமிழ்) அதில் இறங்காது, அதிர்வு முழுக்க முழங்காலுக்குத்தான். குட்டை ரப்பர் ஸ்டட் வாங்குங்கள். முட்டிக்குக் கீழே எலும்பு புடைத்து வலித்தால் ஓய்வு கொடுங்கள், ஸ்ப்ரே அடித்து ஆடவிடாதீர்கள்.

உயரம் பற்றிக் கவலை வேண்டாம். சுமார் 170 செ.மீ. உயரமே உள்ள இந்திய அணியின் முன்னாள் கேப்டன் சுனில் சேத்ரி, 40 வயதிலும் ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) போட்டிகளில் தலையால் முட்டிக் கோல் அடித்தார்.