பூட் ஆனதும் சர்வர் தானாக எழவேண்டும்: கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, என் நோட் ஜேஎஸ் ஆப்பைக் கையால் ஓட்டினால் ஓடுகிறது. உபுண்டுவை ரீபூட் செய்தால் எழுவதில்லை. பூட்டின்போது ஓடும் ஆர்சி.லோக்கல் ஸ்கிரிப்டில் ஒரு வரி போட்டால் போதுமா?

பதில்: அது பழைய வழி தம்பி. உபுண்டு 15.04, டெபியன் 8 இரண்டும் 2015-லேயே சிஸ்டம்டிக்கு, அதாவது பூட்டில் சர்வீஸ்களைக் கிளப்பிக் கவனிக்கும் புரோகிராமுக்கு, வந்துவிட்டன. ஆர்சி.லோக்கல் ஒருமுறை கிளப்பிவிட்டுப் போய்விடும். நடுராத்திரியில் ஆப் விழுந்தால் தூக்கிவிட ஆளில்லை. /எட்சி/சிஸ்டம்டி/சிஸ்டம் ஃபோல்டரில் ஒரு சர்வீஸ் ஃபைல் எழுதுங்கள். எக்ஸெக்ஸ்டார்ட் வரியில் ஓட்டவேண்டிய கமாண்ட், யூசர் வரியில் ரூட் அல்லாத ஒரு யூசர், ரீஸ்டார்ட்=ஆன்-ஃபெய்லியர், கடைசியில் வாண்டட்பை=மல்டி-யூசர்.டார்கெட் (சர்வரின் வழக்கமான பூட் நிலை). சேமித்ததும் சிஸ்டம்சிடிஎல் டீமன்-ரீலோட் மறக்காதீர்கள், அப்போதுதான் சிஸ்டம்டி புது ஃபைலைப் படிக்கும்.

கேள்வி: சிஸ்டம்சிடிஎல் ஸ்டார்ட் கொடுத்ததும் ஓடியது. ரீபூட்டுக்குப் பிறகு மறுபடி காணோம்!

பதில்: எனேபிள் கொடுக்கவில்லை. ஸ்டார்ட் இப்போதைக்கு, எனேபிள் அடுத்த பூட்டுக்கு. இரண்டும் ஒன்றாக வேண்டுமென்றால் எனேபிள் --நவ்.

கேள்வி: சார், எனக்கு 203/எக்ஸெக் என்று வருகிறது. நோடை என்விஎம் (நோட் வெர்ஷன்களை மாற்றித் தரும் கருவி) வழியாகப் போட்டேன்.

பதில்: எக்ஸெக்ஸ்டார்ட்டில் உள்ள கமாண்டை சிஸ்டம்டியால் ஓட்ட முடியவில்லை என்பதுதான் அந்த எரர், பாதிப் பேர் இங்கேதான் சறுக்குகிறார்கள். நீங்கள் லாகின் ஆகும்போது பாஷ்ஆர்சி என்ற ஷெல் ஃபைல் ஓடி, புரோகிராம்களை எங்கே தேடுவது என்ற பாத் எல்லாம் அமைத்துத் தருகிறது. சிஸ்டம்டி அந்த ஃபைலைத் திறந்துகூடப் பார்க்காது. அதற்கு உங்கள் நோட் எங்கே இருக்கிறதென்றே தெரியாது. டெர்மினலில் 'விச் நோட்' அடித்து, வரும் முழுப் பாத்தை எக்ஸெக்ஸ்டார்ட்டில் வையுங்கள். என்விஎம்மில் வெர்ஷன் மாற்றினால் அந்தப் பாத்தும் மாறும் என்பதால் சர்வரில் நான் அதை வைப்பதே இல்லை. பாஸ்வேர்டு போன்றவற்றைத் தனி என்விரான்மென்ட்ஃபைலில் வைக்கலாம். அதில் 'எக்ஸ்போர்ட்' என்று எழுதிவிடாதீர்கள், அது ஷெல் ஸ்கிரிப்ட் அல்ல.

கேள்வி: டேட்டாபேஸ் வேறு மெஷினில் இருக்கிறது. பூட்டில் நெட்வொர்க் வருவதற்குள் ஆப் நாலைந்து தடவை விழுந்து, பிறகு எழுவதே இல்லை.

பதில்: ரீஸ்டார்ட்செக் (மறுபடி கிளப்புமுன் காத்திருக்கும் நேரம்) போடாவிட்டால் சிஸ்டம்டி 100 மில்லிசெகண்டில் மறுபடி கிளப்பும். 10 செகண்டுக்குள் 5 தடவை கிளப்பியும் ஆப் நிலைக்கவில்லை என்றால் கைகழுவிவிடும். ரீஸ்டார்ட்செக்=5 போடுங்கள், அந்த வரம்பில் மாட்டாது. கூடவே நெட்வொர்க்-ஆன்லைன்.டார்கெட்டை ஆஃப்டர், வான்ட்ஸ் இரண்டிலும் எழுதுங்கள். ஆஃப்டர் வரிசையை மட்டும் சொல்லும், ஆளைக் கூட்டிவராது, கூட்டிவருவது வான்ட்ஸ். டேட்டாபேஸ் மெஷினே தாமதமாக எழுந்தால் இது எதுவும் உதவாது. ஆப்பே திரும்பத் திரும்ப முயலும்படி எழுதுவதுதான் வழி.

கேள்வி: ஆஃபீஸ் சர்வரில் எனக்கு ரூட் இல்லையே அண்ணா?

பதில்: ஹோமில் .கான்ஃபிக்/சிஸ்டம்டி/யூசர் ஃபோல்டரில் ஃபைலை வையுங்கள், வாண்டட்பை டிஃபால்ட்.டார்கெட். கமாண்டுகளில் --யூசர் சேர்க்கவேண்டும். அட்மினிடம் உங்கள் பெயருக்கு ஒரே ஒரு லாகின்சிடிஎல் எனேபிள்-லிங்கர் மட்டும் கேளுங்கள். அது இல்லாமல் நீங்கள் லாகின் ஆகும்வரை ஆப் எழாது.