மூச்சை இழுப்பதைவிட விடுவதில்தான் விஷயம்: வாசகர் கேள்வி-பதில்

ஆழ்ந்த மூச்சுப் பயிற்சி பற்றி நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். ஒரே மாதிரி இருந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

ஆழமாக மூச்சு இழுத்தால் உடம்பில் ஆக்சிஜன் கூடுமா?

நுரையீரல் நன்றாக இருப்பவருக்குப் பெரிதாகக் கூடாது. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரில் உங்களுக்கு ஏற்கெனவே 95-க்கு மேல்தான் காட்டும், அதற்கு மேல் ஏற்ற அதிக இடமில்லை. பலன் வேறு இடத்தில் இருக்கிறது. சாதாரண மூச்சு ஒன்றில் சுமார் 500 மி.லி. காற்று உள்ளே போகிறது, அதில் 150 மி.லி. வரை மூக்கிலும் தொண்டையிலும் மூச்சுக்குழாய்களிலுமே நின்றுவிடும், ரத்தத்தோடு சேரும் காற்றுப்பைகளுக்குப் போய்ச் சேராது. நிமிடத்துக்கு 12 மூச்சு என்றால் மொத்தம் 6 லிட்டர், அதில் பயன்படுவது 4.2 லிட்டர். அதே 6 லிட்டரை 250 மி.லி. வீதம் 24 குட்டி மூச்சுகளாக இழுத்தால் பயன்படுவது 2.4 லிட்டர்தான். உழைப்பு கூடி, கிடைப்பது குறைகிறது. நிதானமாக, கொஞ்சம் ஆழமாக மூச்சு விடச் சொல்வது இதனால்தான்.

நெஞ்சை நன்றாக விரித்து, தோளைத் தூக்கி இழுக்கிறேன். சரிதானே?

இல்லை. தோளும் கழுத்தும் இதில் வேலை செய்யவே கூடாது. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கும் உதரவிதானம்தான் மூச்சின் முக்கியத் தசை, அது கீழே இறங்கும்போது வயிறு லேசாக முன்னே வரும். முழங்காலை மடக்கி மல்லாந்து படுத்து, ஒரு கை நெஞ்சிலும் ஒரு கை வயிற்றிலும் வைத்துக்கொள்ளுங்கள். மூக்கு வழியாக இழுங்கள், மூக்கு காற்றைச் சூடாக்கி, ஈரமாக்கி, தூசியையும் வடிகட்டித் தருகிறது. வயிற்றுக் கை எழ வேண்டும், நெஞ்சுக் கை ஏறக்குறைய அசையாமல் இருக்க வேண்டும். அப்புறம் இழுத்ததைவிட அதிக நேரம் எடுத்து விடுங்கள். ஐந்து நிமிடம், நாளைக்கு இரண்டு மூன்று முறை. படுத்தபடி பழகியதும் உட்கார்ந்து செய்யலாம்.

பயிற்சி செய்யும்போது தலை சுற்றுகிறது, விரல் நுனி மரத்துப்போகிறது. பயமாக இருக்கிறது.

நீங்கள் வேகமாகவும் பெரிதாகவும் இழுக்கிறீர்கள் என்றுதான் தோன்றுகிறது. அப்படிச் செய்தால் கரியமில வாயு தேவைக்கு மேல் வெளியேறிவிடும். அது வெறும் கழிவு என்று நினைக்கிறோம், ஆனால் ரத்தத்தில் அது ஓரளவு இருந்தே ஆக வேண்டும். குறைந்தால் மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்கள் சுருங்கும், அதனால் தலைசுற்றல். ரத்தத்தின் அமில-காரச் சமநிலையும் மாறும், அதனால் மரமரப்பு. உடனே நிறுத்திவிட்டு, உட்கார்ந்து, இயல்பாக மூச்சு விட்டால் கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும். அடுத்த முறை ஆழத்தைக் குறைத்து, வேகத்தையும் குறையுங்கள். பயிற்சி செய்யாத நேரத்திலும் இப்படி வந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

அப்பாவுக்கு சிஓபிடி (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்). எவ்வளவு ஆழமாக இழுத்தாலும் பத்தவில்லை என்கிறார்.

அவருடைய சிக்கல் இழுப்பதில் இல்லை, விடுவதில். இந்த நோயில் சிறிய மூச்சுக்குழாய்கள் தளர்ந்துபோய், மூச்சை விடும்போது பாதியிலேயே மூடிக்கொள்ளும், பழைய காற்று உள்ளேயே தேங்கிவிடும். ஏற்கெனவே நிரம்பியிருக்கும் இடத்தில் இன்னும் இழு இழு என்றால் அவர் என்ன செய்வார்? தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள். மூக்கால் இரண்டு எண்ணும்வரை இழுத்து, விசிலடிப்பதுபோல உதட்டைக் குவித்து நான்கு எண்ணும்வரை மெதுவாக விடச் சொல்லுங்கள். குவிந்த உதடு உள்ளே லேசான அழுத்தத்தை உண்டாக்கும், அந்த அழுத்தம் குழாய்கள் மூடாமல் தாங்கிப் பிடிக்கும். பலமாக ஊத வேண்டாம். மாடி ஏறும்போதும் குனிந்து நிமிரும்போதும் சிரமமான அசைவு வரும் நேரத்தில் மூச்சை விட வேண்டும், அடக்கக் கூடாது. ரொம்ப இரைத்தால் உட்கார்ந்து, முன்பக்கம் சாய்ந்து, முழங்கைகளைத் தொடையில் ஊன்றிக்கொள்ளட்டும். மேலே சொன்ன வயிற்று மூச்சு, நோய் முற்றிய சிலருக்கு மூச்சு வாங்குவதைக் கூட்டிவிடும், ஆகவே அதை பிசியோதெரபிஸ்ட் பார்த்துச் சொன்ன பிறகு செய்யட்டும். இன்னும் புகைக்கிறார் என்றால் எந்தப் பயிற்சியையும்விட அதை நிறுத்துவதுதான் முதல் வேலை.

ஆஸ்துமாவுக்கு மூச்சுப் பயிற்சி செய்கிறேன், இப்போது நன்றாக இருக்கிறது. இன்ஹேலரை விட்டுவிடலாமா?

கூடாது. பயிற்சியால் பதற்றமும் தொந்தரவும் குறையலாம், ஆனால் மூச்சுக்குழாயில் உள்ள வீக்கத்தை அது ஆற்றாது, இன்ஹேலர் மருந்துதான் ஆற்றும். நன்றாக இருப்பதே மருந்தால்கூட இருக்கலாம். அளவைக் குறைப்பது மருத்துவர் முடிவு.

ஆபரேஷனுக்குப் பிறகு மூன்று பந்து உள்ள கருவி கொடுத்தார்கள். ஊதினால் பந்து எழவே மாட்டேன் என்கிறது.

ஊதக் கூடாது, உறிஞ்ச வேண்டும்! நிறையப் பேர் இதை ஊதிப் பார்க்கிறார்கள். முதலில் மூச்சை முழுக்க விட்டு, கருவியின் குழாயை உதட்டால் இறுக்கிப் பிடித்து மெதுவாக உள்ளே உறிஞ்சுங்கள், பந்து எழுந்ததும் மூன்று முதல் ஐந்து விநாடி மூச்சை நிறுத்தி, பிறகு வெளியே விடுங்கள். வலிக்கப் பயந்து மேலோட்டமாக மூச்சு விட்டால் நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கி, சளி தேங்கும், அதைத் தடுக்கத்தான் இந்தக் கருவி. தையல் மேல் தலையணையை அணைத்துக்கொண்டால் இருமும்போது வலி குறையும்.

ஒரு நிமிடம் மூச்சை அடக்க முடிந்தால் நுரையீரல் நலம்தானே?

அப்படிச் சொல்ல முடியாது. அது பெரும்பாலும் பழக்கமும் மனத்திடமும். 2020-ல் பத்து விநாடி அடக்கினால் கொரோனா இல்லை என்று ஒரு செய்தி சுற்றியது, உலக சுகாதார நிறுவனமே மறுத்தது. நுரையீரலைச் சோதிக்க, கருவியில் ஊதச் சொல்லி அளக்கும் ஸ்பைரோமெட்ரி இருக்கிறது.

கொஞ்ச நாளாக ஒரு மாடி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. எந்தப் பயிற்சி நல்லது?

பயிற்சி அப்புறம், முதலில் காரணம் தெரிய வேண்டும். ரத்தசோகை, இதயக் கோளாறு, நுரையீரல் நோய், எதுவாகவும் இருக்கலாம். இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் இருமல், சளியில் ரத்தம், கால் வீக்கம், படுத்தால் திணறல் இருந்தால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள். திடீரென்று நெஞ்சு வலியோடு மூச்சு முட்டினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, ஒரு வாக்கியம் பேசி முடிக்க முடியாமல் இரைத்தாலோ எந்தப் பயிற்சியும் செய்து பார்க்காமல் நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.